பூக்கும் நேரத்து இருட்டு

தேநீருக்குச் சர்க்கரை போடவா, ஜாம் கலக்கவா, அதிகாரியம்மா? எங்கள் வீட்டில் ராஸ்பெரி ஜாம் கலந்து குடிப்பதுதான் வழக்கம். போன வாரம் அக்கா காய்ச்சியது. அவளால் அடுப்பருகே பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்தபடியே கிளறினாள். லேசாக அடிப்பிடித்துவிட்டது, ஆனால் ருசிக்குக் குறைவில்லை.

உஸ்தின்யாதான் உங்களை அனுப்பினாளா? நல்லவள். எங்கள் தூகபோர் சபையின் பிரார்த்தனைக் கூடத்தில் அக்காவின் பக்கத்தில் நின்று நாற்பது வருஷம் பாடியவள். மதியம் போன் அடித்தும் அக்கா எடுக்கவில்லை என்று கலங்கியிருப்பாள். அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்க்கலாம், சற்று நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்குள் நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இப்படிச் சொல்லிவிட்டு நானே நடந்துகொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று என்னவோ உட்கார முடியவில்லை. உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன? மூன்றே முக்காலா? சரி, சுவர்க் கடிகாரமும் அதைத்தான் காட்டுகிறது.

கீழே உம்மென்று கேட்பது காற்றாடி. அது இரவும் பகலும் ஓடும்.

செடிகளில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. அனுமதிச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், பாருங்கள். இங்கே எந்த வீட்டிலும் நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம். அக்காவின் வலிக்கு நாற்பத்தொன்பது. அவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. வலிக்கு மருந்தாக இத்தனை கிராம் தேவை என்று டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடுவார். அவளுக்காக நான் வளர்க்கலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். பூவிலிருந்து எண்ணெய் இறக்கி அவள் நாக்குக்கு அடியில் சொட்டு விடுவேன். மிஞ்சியதை ஒரு இலைகூட விற்றதில்லை. மக்கவைத்து அதே மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்த மண்ணைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்து மண். ஒருமுறைகூடக் கொத்திப் புரட்டியதில்லை. ஒரு அறுவடை முடிந்தால் வேரை உள்ளேயே விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே அடுத்த நாற்றை வைப்பேன். செந்தட்டி இலையை ஊறவைத்த தண்ணீர், குதிரைமசால் தூள், மண்புழு எரு, இவைதான் அதற்குச் சாப்பாடு. கடையில் இயற்கை உரம் என்று எலும்புத்தூளும் காய்ந்த ரத்தமும் விற்கிறார்கள். நான் தொடமாட்டேன். எங்கள் முன்னோர் கொல்ல மாட்டோம் என்று துப்பாக்கிகளைக் குவித்து எரித்துவிட்டுக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நான் பிறந்ததிலிருந்து இறைச்சி தின்றதில்லை. அசுவினிப் பூச்சி வந்தால்கூட மருந்து அடிக்காமல், அதைத் தின்னும் பொறிவண்டுகளை உள்ளே விட்டுவிட்டு நான் பாட்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

அக்கா கேலி செய்வாள். “ஏண்டா சவேலி, புழுவுக்கு வேளாவேளைக்குப் பரிமாறுற. எனக்கு போர்ஷ் சூப்பு எப்ப வரும்? நானும் அந்தப் புழுப் பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கவா?” என்பாள். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அந்த மண் வெறுமனே கிடக்கக் கூடாது. இரண்டு மாதம் வேர் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் பட்டினியில் செத்துவிடும். ஒரு கைப்பிடியில் எத்தனை கோடி உயிர் என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் நினைப்பேன்.

இன்னொன்று, செடிகளின் இருட்டு. கோடையில் பகலில் விளக்கு எரிந்தால் நிலவறை வெந்துவிடும். அதனால் இரவு ஒன்பதுக்கு விளக்கு தானாக எரியும், காலை ஒன்பதுக்குத் தானாக அணையும். நமக்குப் பகல் என்றால் அவற்றுக்கு ராத்திரி. பூக்கும் சமயத்தில் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது. போனால் செடி மிரண்டு, பூவில் விதை கட்டிவிடும். மொத்த அறுவடையும் பாழ். இப்போது ஆறாவது வாரம். மோசமான கட்டம் இதுதான்.

சரி, ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். மூட்டு மாற்றும் அறுவைக்கு அக்கா பெயர் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷம் கழித்து, அறுவைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும். படித்த அன்று எனக்குத் தூக்கமே இல்லை. புது மூட்டு வைத்தால் வலி போய்விடும். வலி போனால் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். நாற்பத்தொன்பதில் நாற்பத்தைந்தைப் பிடுங்கச் சொல்வார்கள். அந்த மண் என்ன ஆகும்?

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, “இப்போது வேண்டாம்” என்றேன். அது உண்மைதான். யாருக்கு வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் புழுப் பெட்டியில் போட்டேன். வெறும் காகிதம் புழுவுக்கு நல்லது. உறையில் இருந்த பிளாஸ்டிக் சன்னலை மட்டும் உரித்து எடுத்துவிட்டேன், அதில் நான் கவனமாக இருப்பேன். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி அழைத்தார்கள், மறுபடி அதையே சொன்னேன். பிறகு அவர்கள் அழைப்பதை விட்டுவிட்டார்கள். அக்கா கேட்கும்போதெல்லாம் வரிசை நீளம் என்று சொல்வேன். வரிசை நீளம்தானே, உங்களுக்கும் தெரியும்.

வருஷாந்திரப் பரிசோதனைக்கு முந்திய வாரம் அவள் சொட்டு மருந்தில் பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் கலந்துவிடுவேன். டாக்டர் முன்னால் வலிப்பதுபோல் நடி என்று அவளிடம் நான் எப்படிச் சொல்ல முடியும்? நாங்கள் பொய் சொல்லும் குடும்பம் இல்லை. அதனால் வலி உண்மையாகவே இருந்தது. அந்த ஏழு நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். நானும் கூடவே விழித்திருந்து காலைப் பிடித்துவிடுவேன். “நீ இல்லேன்னா நான் என்னடா ஆவேன்” என்று என் தலையைத் தடவுவாள். அப்போது எனக்கு அழுகை வந்துவிடும்.

இதுவரை சொன்னதில் தப்பு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்கப்போவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் உஸ்தின்யா வந்தாள். அவளுக்கும் இடுப்பு மூட்டுதான். அக்காவுக்குப் பின்னால் பெயர் கொடுத்தவள், இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். அடுத்த மாதக் கூட்டத்தில் நின்று பாடப்போகிறாளாம். நான் செந்தட்டி அறுக்கப் போயிருந்தேன். போகிற போக்கில் அவள் அக்காவிடம் கேட்டிருக்கிறாள், “கத்திக்குப் பயந்து வேணாம்னுட்டியாமே மலாஷா, சவேலி சொன்னானே. சின்னப் புள்ளையா நீ?” என்று. கூடத்தில் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உஸ்தின்யா கேட்டது இன்று காலைதான் அக்கா வாயால் எனக்குத் தெரிந்தது.

அக்கா ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தாள். இன்று காலை எட்டரை மணிக்கு நான் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது படியில் சத்தம் கேட்டது. மூன்று வருஷமாக நிலவறைக்கு வராதவள், பதின்மூன்று படியும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்துவிட்டாள்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்களாடா?”

“கூப்பிட்டாங்க.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

அவள் கத்தவில்லை. செடிகளைச் சுற்றிப் பார்த்தாள். “நல்லாத்தான் வச்சிருக்க. எங்காலு ரெண்டும் இங்கதான் முளைச்சிருக்குபோல” என்றாள். பிறகு பாத்தியைப் பிடித்து எழுந்து, ஓரத்துச் செடியை இரண்டு கையாலும் பிடித்து வேரோடு இழுத்தாள். செடி வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டாள். சிமெண்டுத் தரையில் இடுப்பு பட்டது. சுள்ளி முறிகிற சத்தம். நான் அவளைத் தொடவே இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் செடியைத்தான் பார்த்தேன். வேர் காற்றில் காயக் கூடாது. அதை மண்ணில் வைத்து அழுத்தித் தண்ணீர் விட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்பதாக இரண்டு நிமிடம்.

“தூக்கி விடுடா” என்றாள். “ஆம்புலன்சுக்குப் போன் போடு.”

ஆம்புலன்ஸ்காரர்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கைவிளக்கும் ஸ்ட்ரெச்சருமாக அரை மணி நேரம் நிற்பார்கள். “அசையாம இரு அக்கா. ஒம்பது மணிக்கு வந்துர்றேன்” என்றேன்.

“இப்பவே ஒம்பதுதானேடா ஆகுது” என்றாள்.

விளக்கு அணைந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் கம்பளியைத் திணித்தேன்.

உடனே அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துதான் இருந்தேன். முதலில் என்னைக் கூப்பிட்டாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டாள். பதினொரு மணிவாக்கில் பாட ஆரம்பித்தாள். கூடத்தில் பாடுகிற சங்கீதம்தான், அவளுக்குரிய தாழ்ந்த குரலில். இந்தப் பக்கத்திலிருந்து நானும் சேர்ந்து பாடினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து பாடினோம். ஒன்றே காலுக்கு நிறுத்திவிட்டாள். தூங்கியிருப்பாள். நேற்றிரவு தூக்கம் இல்லையே.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? தேநீர் அப்படியே இருக்கிறது. ஆமாம், அந்தக் கதவுதான். வேண்டாம் அம்மா, கைவிளக்கை இடுப்பிலிருந்து எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே அத்தனை உயிர் இருக்கிறது. ஒன்பது மணிக்கு விளக்கு தானாக எரியும், நானே திறந்துவிடுகிறேன். இன்னும் ஐந்து மணி நேரம்தானே. அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆறு வருஷமாகக் காத்திருந்து அவளுக்குப் பழக்கம்.