ஐந்து அத்தியாயத்து இரைச்சல்

ஒன்மோர்: ஓகே. தண்ணி குடிங்க. அப்புறம் அடுத்த பத்தி.

கமா: ஓகேவா?

ஒன்மோர்: ஓகேதான். ஏன்?

கமா: நல்லா கேட்டுச்சா?

ஒன்மோர்: கணீர்னு இருந்துச்சு.

கமா: "நாற்பதடி ஆழத்தில் சிவப்பு என்றொரு நிறம் கிடையாது"ன்னு படிக்கிறப்போ, மடியில வெச்சிருந்த சாவிக்கொத்தை மூணு தடவை ஆட்டினேன். இதோ, இப்பவும் ஆட்டுறேன். கண்ணாடி வழியா தெரியுதா?

ஒன்மோர்: தெரியுது.

கமா: தெரியுது. கேக்குதா?

ஒன்மோர்: ஏதோ... லேசா.

கமா: லேசாவா? பதினெட்டு வருஷமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு என்ன பாடு படுத்தியிருக்கீங்க. சேலை சரசரங்குது, வேற கட்டிட்டு வாங்க, ஒன்மோர். வயிறு கடமுடங்குது, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு வாங்க, ஒன்மோர். உங்களுக்கு அந்தப் பேரு நான் சும்மாவா வெச்சேன்?

ஒன்மோர்: நான் உங்களுக்குக் கமான்னு வெச்சது மட்டும் சும்மாவா? கமாவுக்குக் கமா மூச்சு விடுற ஒரே ஆளு நீங்கதான்.

கமா: பேச்சை மாத்தாதீங்க. மூணு வாரமா உங்க வாயிலேருந்து ஒரு ஒன்மோர் வரல. தொட்டதுக்கெல்லாம் ஓகே.

ஒன்மோர்: வயசாகுதுல்ல. கனிஞ்சுட்டேன்னு வெச்சுக்கோங்க.

கமா: கனிஞ்சவர் அனுப்பின அஞ்சு அத்தியாயமும் திரும்பி வந்திருக்கு. ஆடியோ புத்தகக் கம்பெனிக்காரங்க என்ன எழுதியிருக்காங்க, படிங்க.

ஒன்மோர்: எத்தனை தடவை...

கமா: நான் பதினெட்டு வருஷமா படிக்கிறேன். நீங்க ஒரு தடவை படிச்சா குறைஞ்சு போயிடுவீங்களா?

ஒன்மோர்: "ஐந்து அத்தியாயங்களிலும் பின்னணியில் தொடர்ந்து ஓர் இரைச்சல். வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் பதிவு செய்து அனுப்பவும். இயலாவிட்டால் புத்தகத்தை வேறு குரலுக்கு, வேறு நிலையத்துக்கு..." போதுமா?

கமா: இன்னைக்கு என்ன கிழமை?

ஒன்மோர்: புதன்.

கமா: கடலுக்கு அடியில கேபிள் பதிக்கிற ஒரு ஆளோட வாழ்க்கை. முந்நூத்திப் பத்துப் பக்கம், ஒரு வரி வீண் கிடையாது. இப்படி ஒரு புத்தகம் எனக்கு இனி வராது.

ஒன்மோர்: ஏன் வராது?

கமா: ...முடி ஏன் வெட்டல?

ஒன்மோர்: இப்போ பேச்சை மாத்துறது யாரு?

கமா: ரெண்டு காதையும் மூடிக்கிட்டுத் தொங்குது. கவிதை கிவிதை எழுத ஆரம்பிச்சுட்டீங்களோன்னு பயந்துபோயிருக்கேன். ஹெட்போனைக் கழட்டுங்க.

ஒன்மோர்: எதுக்கு?

கமா: கழட்டுங்க. முடியை ஒதுக்குங்க. கொஞ்சம் திரும்புங்க... அட.

ஒன்மோர்: பாத்தாச்சா?

கமா: அவரைக்கொட்டை மாதிரி இருக்கு. அந்தக் காதுலயும் உண்டா?

ஒன்மோர்: ஜோடியாத்தான் குடுத்தாங்க.

கமா: எப்போலேருந்து?

ஒன்மோர்: காது கேக்குற மெஷின் மூணு வாரமா. காது மந்தமாகி... ஒரு ஆறு வருஷம் இருக்கும்.

கமா: ஆறு வருஷமா? அப்போ அத்தனை ஒன்மோர் கேட்டீங்களே?

ஒன்மோர்: அதுல பாதி உங்க தப்பு இல்ல. எனக்குக் கேக்கல.

கமா: அடப்பாவி மனுஷா. பாதியா?

ஒன்மோர்: பாதிக்குக் கொஞ்சம் மேல.

கமா: எந்த வார்த்தையில சறுக்கினேன், எந்த வார்த்தையில சறுக்கினேன்னு வீட்டுக்குப் போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போயிருக்கேன். பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருக்காங்க.

ஒன்மோர்: அதனாலதான் நல்லா தேறினீங்க.

கமா: கதவைத் திறந்துக்கிட்டு வந்தேன்னா... சரி. யாருக்கெல்லாம் தெரியும்?

ஒன்மோர்: வீட்டுல தெரியும். பொண்டாட்டிதான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. நான் டிவி பாத்தா தெருவே செய்தி கேக்குதுன்னு ஒரே சண்டை. தொழில்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. காது கேக்காத ரெக்கார்டிஸ்டுக்கு எவன் நாற்காலி போடுவான்?

கமா: நான் சொல்ல மாட்டேன்.

ஒன்மோர்: தெரியும்.

கமா: ஆனா ஒண்ணு புரியல. மெஷின் வெச்சா நல்லாத்தானே கேக்கணும்? எங்க பெரியப்பா ஒண்ணு வெச்சிருந்தார். தட்டுல கரண்டி பட்டா தூக்கிவாரிப் போடும் அவருக்கு.

ஒன்மோர்: அது அந்தக் காலத்து மெஷின். கரண்டி, நாற்காலி, பெரியம்மா எல்லாத்தையும் ஒரே அளவுல பெருசாக்கும். இதுக்குள்ள ஏ.ஐ. இருக்கு. பேச்சையும் சத்தத்தையும் ஏகப்பட்டது கேக்க வெச்சுப் பழக்கியிருக்காங்களாம். எது மனுஷக் குரல், எது குப்பைன்னு அதுவே பிரிக்கும். குப்பையை வெளிய தள்ளிடும்.

கமா: குப்பைன்னா?

ஒன்மோர்: பஸ் இன்ஜின். மிக்ஸி. ஹோட்டல்ல பாத்திரம் உருட்டுறது. நடந்தா ஒரு மாதிரி வெச்சுக்குது, உக்காந்தா ஒரு மாதிரி வெச்சுக்குது. சமையலறையில ரெண்டு நாள் நான் சத்தத்தைக் கூட்டி வெச்சேன். மூணாவது நாள் அதுவாவே கூட்டிக்கிச்சு.

கமா: உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் சமையலறையில சொன்ன பேச்சைக் கேக்குறாங்களே.

ஒன்மோர்: சிரிங்க. போன வாரம் பஸ்ஸுல என் பொண்ணு பின் சீட்டுல. யாருக்கோ ஃபோன்ல முணுமுணுன்னு என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா. வார்த்தை வார்த்தையா கேட்டுச்சு.

கமா: என்ன சொன்னா?

ஒன்மோர்: அப்பா இப்பல்லாம் பதில் சொல்றார்னு. நல்ல விதமாத்தான் சொன்னா.

கமா: புரியுது... அப்போ என் சாவிக்கொத்து?

ஒன்மோர்: குப்பை. தள்ளிடுச்சு.

கமா: ஏசி சத்தம்?

ஒன்மோர்: அதுவும் குப்பைதான்.

கமா: குப்பையைக் கண்டுபிடிக்கத்தானே சார் உங்களுக்குச் சம்பளம்? சமையல்காரர் மூக்கை அடைச்சு அனுப்பின மாதிரில்ல இருக்கு.

ஒன்மோர்: மெஷினைப் பொருத்துற அம்மா மேல தப்பில்ல. என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்க. ஆபீஸ் வேலைன்னு சொல்லி வெச்சேன்.

கமா: காது டாக்டர்கிட்டயும் பொய்.

ஒன்மோர்: வெக்கமா இருந்துச்சு. போன வாரம் போய் உண்மையைச் சொன்னேன். அவ்வளவு நேரம் சிரிச்சாங்க. ஃபோன்லயே ஒரு பட்டன் வெச்சுக் குடுத்துட்டாங்க. அதை அமுக்கினா பிரிக்கிறதை நிறுத்திடும். குரலும் குப்பையும் உள்ளது உள்ளபடி வரும்.

கமா: அதை அமுக்காத நேரத்துல?

ஒன்மோர்: குரல் மட்டும்தான்.

கமா: மட்டும்னா?

ஒன்மோர்: மட்டும்தான் கமா. நீங்க என் தோள் மேல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கும். உங்களைத் தவிர இந்தக் கட்டடத்துல வேற ஒண்ணுமே இல்லாத மாதிரி.

கமா: ...

ஒன்மோர்: என்ன, பேச்சைக் காணோம்?

கமா: தண்ணி குடிச்சேன்.

ஒன்மோர்: டம்ளர் மேஜை மேலயே இருக்கு.

கமா: குடிக்கலாம்னு நினைச்சேன். அதுக்கும் கணக்கா?

ஒன்மோர்: சரி, பட்டனை அமுக்குறேன். அந்த இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு ரெண்டு பேருமா தேடுவோம்.

கமா: வேண்டாம்.

ஒன்மோர்: ஏன்?

கமா: திடீர்னு எல்லாம் கேட்டா காது கூசும். உங்க நல்லதுக்குத்தான்.

ஒன்மோர்: அமுக்கிட்டேன்... ஏசி ஓடல. வெளியில லாரி இல்ல. உங்க ரூமுக்குள்ள ஏதோ ஓடுது. கீழ. உங்க காலுக்கிட்ட.

கமா: கால் வேர்க்குது.

ஒன்மோர்: ஃபேனா?

கமா: சின்னதுதான். பேட்டரியில ஓடுறது.

ஒன்மோர்: வளையலைக் கூட கழட்டி வெளிய வெச்சுட்டு வர்ற ஆளு நீங்க. பதினெட்டு வருஷமா வேர்க்காத காலு இப்போ வேர்க்குதா?

கமா: எனக்கும் வயசாகுது. நீங்க மட்டும்தான் கனியணுமா?

ஒன்மோர்: எப்போலேருந்து ஓடுது?

கமா: ...முதல் அத்தியாயத்துலேருந்து.

ஒன்மோர்: அணைச்சுட்டு ஒரு வரி படிங்க.

கமா: எந்த வரி?

ஒன்மோர்: எதுவா இருந்தா என்ன. ஒரே ஒரு வரி.

கமா: "மேலே வருவதில் அவசரம் காட்டுகிறவன்... மேலே வந்து சேருவதில்லை."

ஒன்மோர்: ம்.

கமா: கேட்டுச்சா?

ஒன்மோர்: கேட்டுச்சு.

கமா: என்ன கேட்டுச்சு?

ஒன்மோர்: நீங்களே சொல்லுங்க.

கமா: தொண்டைக்குள்ள ரெண்டு முடிச்சு. பயப்படுற மாதிரி இல்லையாம். ஆனா ரெண்டு மாசம் வாயே திறக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மீறினா குரல் இப்படியே கரகரன்னு நின்னுடுமாம். கம்பெனி ரெண்டு மாசம் காத்திருக்குமா? அடுத்த நாளே வேற ஒருத்தியை உக்கார வெச்சுடுவாங்க. அப்புறம் அந்த நாற்காலி அவளுக்குத்தான். அதான்... ஃபேன் ஓடினா அந்த இரைச்சலுக்குள்ள குரல்ல விழுந்த கீறல் அமுங்கிடும்னு பாத்தேன்.

ஒன்மோர்: நான் கத்துவேன்னு பயம் இல்லையா?

கமா: முதல் நாள் இருந்துச்சு. நீங்க ஓகேன்னீங்க. மறுநாளும் ஓகேன்னீங்க. இவருக்குக் காது போயிடுச்சு, நமக்கு வழி விட்டாச்சுன்னு நினைச்சுட்டேன். பழி உங்க மேல விழும்னு தெரியும். ஏசியைச் சொல்லிச் சமாளிச்சுடுவீங்கன்னு மனசை ஆத்திக்கிட்டேன்.

ஒன்மோர்: சாவிக்கொத்தை ஆட்டினது?

கமா: உங்களுக்கு எது கேக்குது, எது கேக்கலைன்னு தெரியணும். அந்தக் கீறல் உங்களுக்குக் கேட்டிருக்குமோன்னு... சாவியே கேக்கலைன்னா அது கேட்டிருக்காதுன்னு.

ஒன்மோர்: சாவி குப்பை. ஃபேன் குப்பை. ரெண்டையும் தள்ளிடுச்சு.

கமா: அதான் சொல்றேன்.

ஒன்மோர்: கீறல் குப்பை இல்லையே கமா. அது உங்க குரல். அதை எப்படித் தள்ளும்? ஊருக்கெல்லாம் ஃபேன் கேட்டுச்சு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் நீங்க கேட்டீங்க.

கமா: எப்போ தெரியும்?

ஒன்மோர்: முதல் அத்தியாயம், ரெண்டாவது பக்கம். கமா இல்லாத இடத்துல நின்னு மூச்சு வாங்கினீங்க.

கமா: அப்போ அந்த ஓகே எல்லாம்...

ஒன்மோர்: இன்னொரு தடவை படிங்கன்னு நான் சொன்னா அந்தத் தொண்டை என்னத்துக்கு ஆகும்?

கமா: ஃபேனும் தெரியுமா?

ஒன்மோர்: காதுதான் மந்தம், கண்ணு இருக்கு. நீங்க பேசாத நேரத்துல திரையில சத்தத்தோட கோடு படுத்துத் தூங்கணும். அது மூணு வாரமா நடுங்கிக்கிட்டே கிடக்கு.

கமா: தெரிஞ்சேவா அனுப்பினீங்க?

ஒன்மோர்: கஷ்டப்பட்டு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?

கமா: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஒன்மோர்: நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சாவிக்கொத்தை ஆட்டுவீங்கன்னு நினைக்கல.

கமா: சரி. இப்போ என்ன பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபேன் இல்லாம படிச்சா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். படிக்கலைன்னா புத்தகம் போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கா, நல்லா படிப்பா. அவளை வேணா...

ஒன்மோர்: அவளுக்கு வேற புத்தகம் கிடைக்கும். பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. வெள்ளிக்கிழமை கிடையாது. நேத்தே கம்பெனிக்கு எழுதிட்டேன். மூணு மாசம் குடுத்திருக்காங்க.

கமா: மூணா? டாக்டரே ரெண்டுதான் சொன்னார்.

ஒன்மோர்: இந்த மாதிரித் தொண்டை எத்தனை பாத்திருக்கேன். எல்லாருக்கும் ரெண்டு மாசம். உங்க வாய்க்கு ஒரு மாசம் கூடப் போட்டுக் கேட்டேன்.

கமா: என் தொண்டையைப் பத்தி எழுதிட்டீங்களா?

ஒன்மோர்: உங்களைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. நீங்க திரும்பி வர்றப்போ எனக்குப் பக்கத்துல இன்னொருத்தர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். அவரைப் பாத்து முறைக்காதீங்க, அவ்வளவுதான்.

கமா: அவர் எதுக்கு? நில்லுங்க. என்னன்னு எழுதினீங்க?

ஒன்மோர்: உள்ளதைத்தான். ரெக்கார்டிஸ்டுக்கு ரெண்டு காதும் மந்தம், இரைச்சல் முழுக்க அவர் தப்பு, புது மெஷின் அவருக்குப் பழக மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் படிக்கிறவங்க பேசாம வீட்டுல இருக்கட்டும்னு.