நாலாவது விக்கெட்

...பைபிள் வசனத்தை எடுத்து விளக்கிச் சொல்ல நம்ம சபைக்கு ஐயரம்மா இருக்காங்க. அஞ்சாம் கிளாஸோட நின்ன எனக்கு அது வராது. அதனால என் வீட்டுல நடந்த ஒண்ணைக் கதை மாதிரி சொல்றேன். சின்னதுதான். கேளுங்க.

எங்க வீட்டுக்காரரு ஞானசிகாமணியை உங்க எல்லாருக்கும் தெரியும். மெயின் ரோட்டு முனையில இஸ்திரி வண்டி போட்டிருந்தாரு. இப்ப அதே வண்டியில நான் நிக்கிறேன். அவருகிட்ட துணி போட்டவங்கள்ல தணிகாசலம்னு ஒரு தம்பி. கூரியர் ஆபீஸ்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா கிரிக்கெட் லீக்ல பந்து போடுவாரு. டிவியில வர்ற கிரிக்கெட் இல்லம்மா. நாலாவது டிவிஷன். பார்க்க பத்து பேரு இருப்பாங்க, அதுல ரெண்டு நாய்.

அந்த வெள்ளை பேண்டுல தொடைப்பக்கம் பந்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு சிவப்பா கறை ஏறியிருக்கும். துவைச்சாலும் போகாது. இவரு அதைத் தடவிப் பார்த்துட்டு, தம்பி இந்த வாரம் நிறைய ஓவர் போட்டிருக்கான்னு சொல்லுவாரு. நம்ம வீட்டுத் துணி மூணு நாளா ஊறுது, அதைக் கொஞ்சம் தடவிப் பாருங்கன்னு நான் சொல்லுவேன்.

திங்கக்கிழமை ஆனா இன்னொரு வேலை. ஃபிளாட் வாட்ச்மேன்கிட்ட இங்கிலீஷ் பேப்பரை வாங்குவாரு. விளையாட்டுப் பக்கத்துல கீழே எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து. அதுல விரலை வச்சுத் தேடுவாரு. இங்கிலீஷ் தெரியாது. தம்பி தன் பேரை ஒரு அட்டையில எழுதிக் குடுத்திருந்தாரு, அந்த ஒரு பேரு மட்டும் தெரியும். பேரு வந்திருந்தா அன்னைக்கு எனக்கும் ஒரு போண்டா வரும். அவன் ஃபர்ஸ்ட் டிவிஷன் ஏறட்டும், உன்னைக் கூட்டிட்டுப் போய் காட்டுறேன்னு ஆறு வருஷமா சொன்னாரு.

போன வருஷம் தம்பிக்குக் கல்யாணமாகி தாம்பரம் போயிட்டாரு. துணி வர்றது நின்னுபோச்சு. பேப்பர் மட்டும்தான். ஜூலையில லீக் ஆரம்பிச்சுது... பேரு வரலை. அடுத்த வாரம்... வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை.

போன் போட்டுக் கேளுங்களேன்னு சொன்னேன். "சரியா ஆடாதவன்கிட்ட எப்படி ஆடுறேன்னு கேட்கச் சொல்றியா? அவன் மனசு என்ன பாடுபடும்?" இப்படிக் கேட்டுட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிட்டாரு.

அக்டோபர்ல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டும் திங்கக்கிழமை பேப்பர் கேட்டாரு. தேடினாரு. மடிச்சு வச்சாரு. "கைக்கு என்னமோ ஆயிருக்கு சொர்ணம். இல்லைன்னா அவன் இப்படி விழுறவன் இல்லை"ன்னாரு.

புதன்கிழமை... போயிட்டாரு.

எனக்கு ராத்திரியும் பகலும் அது ஒண்ணுதான். அந்தக் கைக்கு என்ன ஆச்சு? இத்தனை வருஷம் இந்த மனுஷன் தேடினது வீண்தானா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்கலை. ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை, எந்த கிரவுண்டுன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுக்கிட்டு, ஆராதனை முடிஞ்ச கையோட பஸ் ஏறினேன்.

போனா, தம்பி பந்து போட்டுக்கிட்டு இருக்காரு. கை நல்லா சுத்துது. என் கண்ணு முன்னாலேயே ஒருத்தரு அவுட்டு. மரத்தடியில ஸ்கோர் எழுதுறவரு உட்கார்ந்திருந்தாரு. இந்தத் தம்பி இந்த வருஷம் எப்படிங்கன்னு கேட்டேன்.

"இதோட மூணு விக்கெட்டும்மா. வாராவாரம் ரெண்டு, இல்லைன்னா மூணு. டீமே அவரு கையிலதான் நிக்குது."

அப்புறம் ஏங்க பேப்பர்ல பேரு வரலை?

"நாலு எடுத்தாதான்மா பேப்பர்ல பேரு. மூணுக்கெல்லாம் போட மாட்டாங்க."

கேட்டுக்கிட்டீங்களா? விழலை. ஒரு வாரம்கூட விழலை. ஏங்க... மூணுங்க... வாராவாரம் ரெண்டு மூணுங்க... இதை நான் எந்தக் கட்டில் பக்கத்துல போய்ச் சொல்றது?

சாப்பாட்டு நேரத்துல என்னைப் பார்த்துட்டு தம்பி ஓடி வந்தாரு. வந்தவரு என் முகத்தைப் பார்க்கலை. எனக்குப் பின்னால பார்த்தாரு.

"அண்ணன் வரலையாக்கா?"

சொன்னேன். புல்லு மேல அப்படியே உட்கார்ந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு:

"திங்கக்கிழமை அவரு தேடுவாருன்னு தெரியும்க்கா. ஒரே ஒரு தடவை நாலு எடுத்துட்டா, அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு வந்து நிக்கலாம்னு இருந்தேன். வெறுங்கையோட எப்படி வர்றதுன்னுதான்..."

வெறுங்கையாம். மூணு விக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு வெறுங்கைன்னு சொல்றாரு அந்தத் தம்பி. தாம்பரம் எங்கே இருக்கு? ஒரு டிரெயின் தூரம். அங்கே ஒருத்தரு வெட்கப்பட்டு வரலை. இங்கே ஒருத்தரு கூச்சப்பட்டுக் கேட்கலை. ரெண்டு பேருக்கும் பிரியம் குறையலை. ஆனா ஒருத்தரு முகத்தை ஒருத்தரு பார்க்கலை.

போன மாசம் தம்பி பேரு வந்துச்சு. அஞ்சு விக்கெட். நானேதான் விரலை வச்சுக் கண்டுபிடிச்சேன். தலையைத் தூக்கி "ஏங்க"ன்னு கூப்பிட்டுட்டேன்... வண்டிப் பக்கத்துல யாரும் இல்லை.

இப்ப உங்களைக் கேட்கிறேன். நீங்க எந்த நாலாவதுக்காகக் காத்திருக்கீங்க? மகனுக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் அம்மாவைப் பார்க்கலாம்னு இருக்கீங்களா? வீடு கட்டி முடியட்டும், அப்புறம் தங்கச்சியைக் கூப்பிடலாம்னு இருக்கீங்களா? அவங்க உங்க வீட்டையா தேடுறாங்க? உங்களைத்தானே தேடுறாங்க.

மூணு இருந்தா மூணோட போங்க. ஒண்ணு இருந்தா ஒண்ணோட போங்க. ஒண்ணுமே இல்லைன்னா, "ஒண்ணும் விசேஷம் இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்"னு சொல்லிட்டு, பக்கத்துல போய் உட்காருங்க.

இன்னைக்கே போங்கம்மா.