தோங்கா மொழியில் வராத வரி

— ஒரு வரிய விட்டுட்டீங்களே, தெலேசியாக்கா.

— மனாசே? நீ எங்க இங்க?

— மண்டபத்து மாடியில உக்காந்திருந்தேன். சபை மாநாட்டுக்கு அனுமதிச் சீட்டு கெடைச்சுது. ரயில்லதான் வந்தேன், வண்டியெல்லாம் தொடறதில்ல இப்ப. காதுல தோங்கா பாஷைக் கருவிய மாட்டுனா... அதாவது, உங்க குரல்.

— இருபத்தோராயிரம் பேர் உக்காந்த கூட்டம். தோங்காவுல கேக்கறவன் எத்தன பேர் இருப்பான்னு நெனச்சுக்கிட்டேதான் மொழிபெயர்த்துப் பேசுனேன். நீ இருப்பேன்னு தோணல. தள்ளி வா. நம்ம சபைய எதிர்த்துப் பலகை பிடிச்சு நிக்கிறானே, அவன் பக்கத்துல நின்னா ஒண்ணும் காதுல விழாது.

— 'மார்மன்களே, மனந்திரும்புங்க'ன்னு காலையிலேர்ந்து கத்துறான் பாவம். தண்ணி வாங்கிக் குடுக்கலாமான்னு பாத்தேன்.

— நீ குடுப்ப. இந்தச் சுவர் மேல உக்காரு, பூச்செடிய மிதிச்சுடாத. மத்தியானக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என்ன வரிய விட்டேன்?

— உங்களுக்கே தெரியும்க்கா.

— நீ சொல்லு.

— அந்தப் பெண்கள் சங்கத் தலைவி கடைசியா சொன்னாங்கல்ல... எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஒரு காத மட்டும் தெறந்து வச்சிருந்தேன். 'மகளப் பறிகொடுத்த அந்தத் தாய், வண்டி ஓட்டுனவனக் கட்டி அணைச்சாள். தம்பி, உன்ன மன்னிச்சுட்டேன்னு சொன்னாள்'னு. தோங்காவுல அணைச்சதோட நின்னு போச்சு. அப்புறம் சத்தமே இல்ல.

— மூணு செகண்டு. கூட இருந்த சகோதரி, கருவி கெட்டுப் போச்சோன்னு திருகிப் பாத்தா.

— வேணும்னேதான் விட்டீங்களா?

— பாரு, வியாழக்கிழமை அந்தப் பேச்சு காகிதமா கைக்கு வந்துச்சு. பேர் போடல. 'நம்ம பள்ளத்தாக்குல ஒரு தோங்காத் தாய்'னு இருந்துச்சு. ரெண்டாவது பத்தியிலயே புரிஞ்சு போச்சு. இளம்பெண்கள் முகாம் முடிஞ்சு திரும்புற வேன், மலையிறக்கம், கல் பதிக்கிற வேலைய முடிச்சுட்டுத் தூங்காம வந்து ஓட்டுனவன். என் கதையவே எங்கிட்டக் குடுத்து மொழிபெயர்க்கச் சொல்றாங்க.

— வேற யாரையாவது பேச வச்சிருக்கலாம்ல.

— இனோக்கேயும் அதத்தான் சொன்னாரு. கட்டுனவராச்சே, பயந்துட்டாரு. நான்தான் கேக்கல. பத்தொம்பது வருஷமா அந்தச் சின்ன அறைக்குள்ள உக்காந்து அடுத்தவங்க சொன்னத சொல்றேன். இதையும் சொல்லிடலாம்னு நெனச்சேன். சமையல்கட்டுல சொல்லிப் பாத்தேன், வந்துச்சு. குளியலறையில சொல்லிப் பாத்தேன், வந்துச்சு. இன்னைக்கு மைக்குக்கு முன்னால வரல.

— என் பக்கத்துல இருந்த அம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. யாருன்னே தெரியாது. என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

— அழுவாங்க. அன்னைக்கும் அழுதாங்க. சாவு வீட்டு வாசல்ல நீ நம்ம தீவு வழக்கப்படி மன்னிப்புக் கேக்க, கிழிஞ்ச பாய இடுப்புல சுத்திக்கிட்டு, தலையக் குனிஞ்சு மண்ணுல உக்காந்திருந்த. நான் எந்திரிச்சு வந்து உன்னக் கட்டிப் பிடிச்சேன். பிஷப் கண்ணத் தொடைச்சாரு. பாத்தது சபை மொத்தமும். கேட்டது நீ ஒருத்தன்தான்.

— ஆமாக்கா.

— உன் காதுல நான் சொன்னத யார்கிட்டயாவது சொன்னியா?

— பொண்டாட்டிகிட்டகூட சொல்லல.

— இப்ப சொல்லு.

— வேணாம்க்கா.

— என் வாயிலேர்ந்து வந்ததுதானே. கேக்கறேன், சொல்லு.

— 'நீ கண்ண மூடுறப்பல்லாம் என் லாவினியா உன் கண்ணு முன்னால வரட்டும்'னு சொன்னீங்க.

— ம். மூணு வருஷமாச்சு. எத்தனையோ ஜெபம் பண்ணிட்டேன். அத மட்டும் திருப்பி வாங்கிக்க மனசு வரல.

— வர்றாக்கா.

— யாரு?

— லாவினியாதான். வேன்ல முன் சீட்டுல உக்காந்துக்குவா. காலத் தூக்கி மேல வச்சுக்குவா. 'சீட்ட அழுக்காக்காதடி'ம்பேன், சிரிப்பா. பாடிக்கிட்டே வருவா. அதாவது... மெட்டு சேராது.

— சேராது. எங்க வீட்டுல யாருக்கும் சேராது. என்ன போட்டிருக்கா?

— மஞ்சச் சட்டை. முகாம்ல குடுத்தது. தலைமுடி ஈரமா இருக்கும். ஏரியில குளிச்சுட்டு அப்படியே வந்து ஏறுனாளே, அப்படி.

— காயம் ஏதும்?

— ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கா.

— என்னப் பத்திக் கேப்பாளா?

— பாட்டு மட்டும்தான்.

— எனக்கு ஒரு நாள்கூட வரல, மனாசே. அவ சட்டையத் தலகாணி மேல போட்டுப் படுக்கறேன். உபவாசம் இருந்து பாத்துட்டேன். சாபம் உனக்குக் குடுத்தேன், பொண்ணும் உங்கிட்டயே வந்துட்டா.

— அடுத்த தடவ வந்தா, அம்மாகிட்டப் போடின்னு சொல்லட்டுமாக்கா?

— ஒண்ணும் சொல்ல வேணாம். காலையில முதல்ல பேசுன பெரியவர் சொன்னாரே, குடும்பம் சாவோட முடியறதில்ல, மறுபடி ஒண்ணு கூடுவோம்னு. அத நான் நம்பறேன், பாரு. எள்ளளவும் சந்தேகம் கெடையாது. ஒரு சொல் தடுக்காம மொழிபெயர்த்தேன். ஆனா அது வரைக்கும் அவ இல்லாத இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு ஒருத்தரும் பேசல.

— அவங்களுக்கும் தெரியாம இருக்கும்.

— இருக்கும். ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. நான் மன்னிச்சுட்டதா அந்தம்மாகிட்ட யாரு சொல்லியிருப்பா? பிஷப்பக் கேட்டேன், அவர் இல்லையாம். இனோக்கே சத்தியமே பண்றாரு.

— நான்தான்.

— என்னது?

— போன அக்டோபர்ல நம்ம சபைக்கு வந்தாங்கல்ல. எல்லாரும் போனப்புறம் நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தேன். கிட்ட வந்து, 'எப்படி இருக்கீங்க, சகோதரரே'ன்னு கேட்டாங்க. எல்லாரும் கேக்கற மாதிரி இல்ல, நின்னு கேட்டாங்க. நீங்க கட்டிப் பிடிச்சத சொன்னேன். மன்னிச்சுட்டீங்கன்னும் சொன்னேன். அது பொய்தான்.

— என் பேர்ல பொய் சொல்லியிருக்க. எதுக்கு? நாலு பேர் உன்ன நல்லவன்னு சொல்லவா?

— இல்லக்கா. இப்படி ஒரு கதை கெடைச்சா அவங்க மாநாட்டு மேடையில சொல்லுவாங்கன்னு தோணுச்சு. பெண்கள் பேசுனா தோங்காவுல நீங்கதான் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த வார்த்தைய உங்க குரல்ல ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்னு இருந்துச்சு. அது உங்க வார்த்தையா இல்லாட்டியும் பரவால்ல.

— இதுக்காகவா வந்து மாடியில உக்காந்திருந்த?

— ஆறு மாசமாக் காத்துக்கிட்டிருந்தேன்க்கா.

— அந்தக் காகிதம் இங்க பையிலதான் இருக்கு. எடுத்து வாசிக்கவா உனக்கு?

— வேணாம்க்கா. காகிதத்தப் பாத்து வேணாம்.

— பாக்காம சொல்ல எனக்கு இன்னும் வரல, மனாசே.