குரங்குதின்னியும் எலிதின்னியும்

— நீங்களே சொல்லுங்க, சாகக் கிடக்கறவன் காலங்காத்தால ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சிட்டு இன்னும் கேப்பானா? உங்களத்தான், பக்கத்துக் கட்டில்காரரே. இந்த நர்ஸு இன்னிக்கு மட்டும் என்னை மூணு தடவ பொதைச்சிட்டா.

— யோவ் சிசாங்கா, அந்த மனுஷர் நேத்துதான் வந்தாரு. அவரை ஏன் இழுக்கற?

— பயந்துடக் கூடாதுல்ல? பயப்படாதீங்க ஐயா. இவ ங்கோனி இனம், நான் பெம்பா இனம். எங்க பாட்டனுங்க ஈட்டியால குத்திக்கிட்டாங்க, நாங்க வாயால குத்திக்கறோம். வேற யாரும் இப்படிப் பேசினா பல்லைக் கழட்டிடுவேன். இந்த எலிதின்னிக்கு மட்டும் உரிமை.

— ஆமா, குரங்கைத் தோலுரிச்சுத் தின்ன கூட்டம் எலியைப் பத்திப் பேசுது. கையை நீட்டு, ஊசி போடணும்.

— ஆறு வாரமா ஊசி குத்தறா. ஒரு நாளாவது பேருக்கு முன்னால ஒரு 'பா' போட்டு மரியாதையாக் கூப்பிட்டிருப்பாளா? எங்க வீட்டுப் பொண்ணுங்க பெரியவங்களுக்கு முட்டி போட்டுத்தான் வணக்கம் சொல்லும்.

— உனக்கு நான் முட்டி போடணுமா? அதுக்கு நீ சவப்பொட்டியில படுத்திருக்கணும்.

— கேட்டீங்களா! நாலாவது தடவ!

— யோவ், சிரிப்பை நிறுத்து. நெசமாவே சொல்றேன். ஈரல்ல இருக்கறது புண்ணு இல்ல, கட்டி. மாங்கா பழுக்கற வரைக்கும் தாங்காது. உன் பொண்ணைக் கூப்பிட்டுப் பேசு.

— அடியே சோண்டிவே! இது நல்லா இருக்கு! மூஞ்சியக் கூடப் பாடை தூக்கறவ மாதிரி வச்சிருக்கா பாருங்க! ஐயோ, சிரிச்சா வயிறு வலிக்குது.

— பொண்ணுகிட்டப் பேசுய்யா.

— அவ பேசட்டும். சுரங்கத்துல குமாஸ்தா, கையில வேலை, நல்ல குடும்பம்னு மாப்பிள்ளை பாத்து வச்சேன். வேணாம்னுட்டு சோல்வேசி டவுனுக்குப் போயி கண்டவங்களுக்கு முடி பின்னறா. ரெண்டு வருஷமாச்சு. நான் எதுக்குக் கூப்பிடணும்? எனக்கு என்ன அவசரம்? கிறிஸ்துமஸுக்கு அவளே வந்து அழுவா.

— உன்னோட பேசறதுக்குச் சுவத்தோட பேசலாம்.

— போ போ, எங்கயாவது எலி வறுக்கற வாசனை வரும்.

— சிஸ்டர், கொஞ்சம் இப்படி வராந்தாவுக்கு வாங்களேன். சொல்லிட்டீங்களா?

— சொல்லிட்டேன் கசுபா அம்மா. உன் புருஷன் சிரிச்சான்.

— ஐயோ. இன்னொரு தடவ...

— நூறு தடவ சொன்னாலும் நூறு தடவ சிரிப்பான். ஆறு வாரமா நான் வேற என்ன சொன்னேன்? செத்துப்போ, கட்டிலைக் காலி பண்ணு, இதானே? இப்போ நெசம் சொன்னா எப்படி நம்புவான்?

— அதனாலதான் பெரிய கொழுந்தனாரு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு. உங்க வாயால வந்தா வலிக்காதுன்னாரு.

— அவருக்கு வலிக்காது. டாக்டர் உக்கார வச்சு முடிவைச் சொன்னப்ப கோட்டு டையோட அவன் தம்பிங்க மூணு பேரு தலையத் தலைய ஆட்டினாங்க. உள்ள போய்ச் சொல்லுங்கடான்னா, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல போன் வருது. சீச்சீ. ஒரு ஆம்பளைக்குக் கூடத் தன் அண்ணன் மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்ல. எலிதின்னிகிட்டத் தள்ளி விட்டுட்டு வீட்டுல பீர் குடிக்கறானுங்க.

— பேரைச் சொன்னா நோவு கேட்டுக்கும்னு பயப்படறாங்க.

— நோவுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவன் உள்ள படுத்திருக்கறவன் ஒருத்தன்தான். நீயே சொல்லேன். பொண்டாட்டிதானே?

— நான் சொன்னா, நாளைக்கு அவர் போன பிறகு இதே கொழுந்தனுங்க 'இவ வாயால சொல்லித்தான் கொன்னா'ம்பாங்க. வீட்டை விட்டே தொரத்துவாங்க சிஸ்டர். எங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு.

— பொண்ணுகிட்டயாவது சொன்னியா?

— மலேரியான்னு சொல்லியிருக்கேன். அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க.

— மலேரியா! அருமை. என்ன குடும்பம்டா இது. குரங்குங்க கூட குட்டிக்கு ஒண்ணுன்னா கத்தி ஊரைக் கூட்டும்.

— திட்டுங்க. ஆனா எப்படியாவது அவருக்குப் புரிய வைங்க. அவர் கசுபா முகத்தைப் பாக்காமப் போயிட்டா, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் தன்னைத் தானே தின்னுடும்.

— அழாத. நாளைக்குக் காலையில டியூட்டிக்கு வருவேன்ல. பாக்கறேன்.

*

— கசுபா?

— அப்பாவா? நீங்களா கூப்பிடறீங்க? அம்மாவுக்கு ஏதாவது...

— அம்மா இங்கதான் நிக்கறா. நீ எங்க இருக்க?

— கடையில. ஒருத்தங்களுக்குப் பாதித் தலை பின்னியிருக்கேன்.

— மீதித் தலையை வேற யாரையாவது பின்னச் சொல்லு. இப்பவே பஸ் ஏறு.

— மலேரியான்னுதானே சொன்னாங்க? டாக்டர் என்ன சொன்னாரு?

— டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. சித்தப்பனுங்களும் சொல்லல.

— அப்புறம் என்ன அவசரம்? நான் வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்னு சொன்னது நீங்கதானே?

— இங்க ஒரு ங்கோனி நர்ஸு, தினம் என்னைத் திட்டறவ, இன்னிக்குக் காலையில வந்தா. கட்டில் பக்கத்துல முட்டி போட்டா. கையை மெல்லத் தட்டி, 'பா சிசாங்கா, நல்லாத் தூங்கினீங்களா'ன்னு கேட்டா.