அன்னமுத்துக்குப் போட்ட இலை

முதலில் ஒரு சத்தம். பானைக்குள் அரிசி விழுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, வாரம் முழுக்க உலை வைக்கும்போது ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து வைத்த அரிசியைக் கோவில் பானையில் கொட்டுவார்களாம். காய்ந்த ஓலையில் தூறல் விழுகிற மாதிரி இருக்குமாம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஞானவடிவு மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாளாம்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குத் தெற்கே ஒத்தப்பனைவிளை என்று ஒரு ஊர். எல்லாரும் பனையேறிகள், எல்லாரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஞானவடிவு அந்த ஊர் மூப்பர் ஆசீர்வாதத்தின் மகள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. மூப்பர் என்றால் சபைக்குப் பெரியவர். அவர் சொன்னால் கோவில் கதவு திறக்கும், அவர் சொன்னால் மூடும்.

அவள் எழுந்து போனதற்குக் காரணம் இதுதான். ஊருக்கு ஒரு வளையல்காரி வந்துபோவாள். பச்சைக் கண்ணாடி வளையல் வைத்திருப்பாள். அய்யாவிடம் கேட்டால் தோலை உரித்துவிடுவார் என்று ஞானவடிவுக்குத் தெரியும். அதனால் கோவில் பானையிலிருந்து மடி நிறைய அரிசி எடுத்தாள், வளையல் வாங்கினாள். அடுத்த தரம் வந்தபோதும் எடுத்தாள். அதற்கு அடுத்த தரமும் எடுத்தாள். வளையலைப் போட்டுக்கொள்ள முடியுமா? முடியாது. துணியில் சுற்றி ஓலைப்பெட்டிக்குள் வைத்தாள்.

பானை இறங்கியது. ஊர் சும்மா இருக்குமா? இருக்காது. கோவிலைப் பெருக்குகிறவள் அன்னமுத்து. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனவன். கோவில் சாவி அவள் இடுப்பில்தான் கிடக்கும். மூப்பர் வீட்டுச் சுவரில் ஆணியில் இன்னொரு சாவி தொங்கியது. அதை ஒருத்தரும் நினைக்கவில்லையாம்.

"சாவி யாரு இடுப்புல கெடக்கு?" என்று மூப்பர் கேட்டார்.

"எங்கிட்டதான் கெடக்கு. ஆனா அரிசியை நான் தொடல்ல மூப்பரே."

"பின்னே எலி வந்து பூட்டைத் தெறந்துட்டோ?"

சபை சிரித்தது. ஞானவடிவும் அங்கேதான் இருந்தாள். அவளும் சிரித்தாள் என்பார்கள்.

அன்னமுத்து சபைக்கு முன்னால் நின்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் அவளுக்குப் பந்தியில் இலை கிடையாது, கிணற்றில் வாளி கிடையாது. அப்படித் தீர்ப்பாயிற்று. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தேரிக்கு அந்தப் பக்கம் போய் உப்புத் தண்ணீர் ஊறுகிற பள்ளத்தில் மொண்டுவந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாத்திச்சி வந்து சேர்ந்தாள். பேர் பரிபூரணம். பாளையங்கோட்டையில் தங்கிப் படித்தவள். ஒல்லியாக இருப்பாள், சிரிக்க மாட்டாள், அடிக்கோல் கையை விட்டு இறங்காது. அவளுக்கு இந்தப் பிள்ளைகளைப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அவளைப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் உடைமரத்தடியில் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து வேதபாடம் சொல்வாள்.

"முற்காலத்துல ஒருத்தன் தப்புச் செய்தா, ஒரு ஆட்டைக் கொண்டுவந்து அது தலையில கைவைத்து, தன் தப்பைச் சொல்லணும். அப்புறம் அவனுக்குப் பதிலா ஆடு சாகும். அதுதான் பலி."

சலோமி என்று ஒரு வாயாடி. அவள் கேட்டாளாம். "ஆடு என்ன செஞ்சிச்சு வாத்திச்சியம்மா?"

"ஒண்ணும் செய்யல்ல. குற்றமில்லாததுதான் பலியாகணும்."

"ஒண்ணும் செய்யாததை வெட்டிட்டா செஞ்சவ நல்லவளாயிருவாளோ? எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

சலோமிக்கு உள்ளங்கையில் ஒரு அடி விழுந்தது. வாத்திச்சி குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஆட்டு ரத்தம் போதல்ல. அதனாலதான் கடைசியில ஆண்டவரே வந்தாரு. நாம பட வேண்டியதை அவர் பட்டாரு. ஒரே தரம், எல்லாருக்குமா. இனிமே ஆடு தேவையில்ல. நம்புறவங்களுக்கு மீட்பு உண்டு."

"தேவையில்லன்னா அசனத்துக்கு மட்டும் எதுக்கு வெட்டுதோம்?" இப்போது கேட்டது ஞானவடிவு. அசனம் என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து.

"அது சாப்பாடு."

"அது ஆட்டுக்குத் தெரியுமா?"

அவளுக்கும் அடி விழுந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வாத்திச்சிக்கு முகம் கறுத்துவிட்டது.

"உங்களுக்குக் காதால கேட்டா ஏறாது. கண்ணால பாக்கணும்" என்றாள்.

தன் சம்பளத்தில் ஒரு கறுப்புக் கிடாய்க்குட்டி வாங்கிக்கொண்டுவந்து உடைமரத்தில் கட்டினாள். பிள்ளைகள்தான் குழை ஒடித்துப் போட்டு வளர்க்க வேண்டும். ஒவ்வொருத்தியும் அதன் தலையில் கைவைத்துத் தன் தப்பை அதன் காதில் சொல்ல வேண்டும். அசனத்தன்று அதை அவர்கள் கண்முன்னால் வெட்டுவார்கள். "அப்பத்தான் உங்களுக்காக ஒருத்தர் செத்ததோட கனம் தெரியும்" என்றாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கருப்பட்டி திருடினேன் என்றாள் ஒருத்தி. தம்பியைக் கிள்ளினேன் என்றாள் ஒருத்தி. ஞானவடிவு கையை வைத்தாள், வாயைத் திறக்கவில்லை.

"உனக்குப் பாவமே இல்லையோ?"

"இருக்கு."

"பின்னே சொல்லு."

"ஆட்டுக்கிட்டச் சொல்ல மாட்டேன்."

"திமிரு. மூப்பர் மகள்ங்கிற திமிரு."

பனை ஆடியது, ஓலை சலசலத்தது, நாள் போனது. குட்டி வளர்ந்து கொம்பு முளைத்தது. தினமும் சாயங்காலம் அன்னமுத்து உப்புத் தண்ணீர்க் குடத்தோடு உடைமரத்தைத் தாண்டிப் போவாள். பிள்ளைகள் "அரிசிக் கள்ளி, அரிசிக் கள்ளி" என்று கூவுவார்கள். எல்லாருக்கும் மேலாகக் கேட்கிற குரல் ஞானவடிவுடையதாம். சத்தமாகக் கூவினால்தானே தன்மேல் சந்தேகம் வராது?

ஒரு நாள் அன்னமுத்து குடத்தை இறக்கிவைத்தாள். பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "கத்துங்கட்டி. தொண்டை கிழியக் கத்துங்க. எனக்குக் கேட்டுப் பழகிட்டு" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று ராத்திரி ஞானவடிவு சோறு தின்னவில்லை.

அசனம் வந்தது. அந்த வருஷம் பதநீர் குறைச்சல், ஊரில் கையிருப்பு இல்லை. வாத்திச்சியின் கிடாய் ஒன்றுதான் மொத்த விருந்துக்கும். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. மூப்பர் அன்னமுத்துக்கு ஆள் அனுப்பினார். இன்றைக்கு ஒத்துக்கொண்டால் இலை உண்டு என்று சொல்லச் சொன்னார். அவள் வந்தாள், கோவில் வேலிக்கு வெளியே நின்றாள்.

"செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லித்தான் சோறு திங்கணும்னா, அந்தச் சோத்தை நாய்க்குப் போடுங்க" என்றாள்.

"அப்போ அங்கேயே நில்லு" என்றார் மூப்பர்.

கிடாயை அவிழ்த்து இழுத்தார்கள். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தாள் வாத்திச்சி. சலோமி அழுதாள். ஞானவடிவு அழவில்லை, கேட்டாள்.

"வாத்திச்சியம்மா, ஆண்டவரையும் இப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போனாவளா?"

"இழுத்தாங்க. ஆனா அவருக்கு இஷ்டமில்லாட்டா யாராலயும் இழுத்திருக்க முடியாது. அவரா மனசோட போனாரு. அதனாலதான் அது பலி. இஷ்டமில்லாதவரைப் பிடிச்சுத் தள்ளியிருந்தா அது வெறும் கொலை."

ஞானவடிவு கிடாயைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டும் இஷ்டப்பட்டு வந்தது இல்லை. தனக்குப் பதிலாக ஒருத்தி இத்தனை நாளாக உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள், அவளை அங்கே பிடித்துத் தள்ளியது தன் வாய்தான். அது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்ததாம்.

வீட்டுக்கு ஓடினாள். ஓலைப்பெட்டியோடு திரும்பிவந்தாள். அய்யா காலடியில் வளையல்களைக் கொட்டினாள்.

"அய்யா, அரிசி எடுத்தது நான். நம்ம ஆணியில கெடந்த சாவி. அன்னமுத்து சித்தி எடுக்கல்ல."

மூப்பர் வளையலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். அவர் செய்தது என்ன தெரியுமா? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு வெயில் ஏறிட்டு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கிடாயைப் பாருங்கப்பா" என்றார்.

கத்தி வைத்திருந்தவன் கிடாயின் கழுத்தைப் பிடித்தான். அப்போது வாத்திச்சி போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"மூப்பரே, உங்க மக சபைக்கு முன்னால சொல்லியாச்சு. என் காதுல விழுந்தது. உங்களுக்கு விழல்லையோ?"

"இது எங்க ஊர்க் காரியம். நீ சம்பளத்துக்கு வந்தவ."

"அந்தச் சம்பளத்துல வாங்கினதுதான் இந்த ஆடு. நான் அவிழ்க்கேன்."

"கறி இல்லாமப் பந்தியா? பக்கத்து ஊரெல்லாம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்க பந்தியில கறி இல்லன்னு சிரிக்கட்டும். வெளியில நிக்கிற பொம்பளையைப் பார்த்துச் சிரிச்சதைவிட அது தேவலை."

கயிறு அவிழ்ந்தது, கிடாய் பனங்காட்டுக்குள் ஓடியது. மூப்பருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் அகப்பட்ட மட்டையால் மகளை ஊருக்கு முன்னால் அடித்தார். அவள் ஓடவில்லை, கையால் மறைக்கவும் இல்லை. கடைசியில் அவருக்கே கை ஓய்ந்துபோயிற்று. வளையலை ஒவ்வொன்றாகக் காலால் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெண்கள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து அண்டாவில் போட்டார்கள். பந்தியில் முதல் இலையை அன்னமுத்துக்குப் போட்டு, வேலிப் படலைத் திறந்துவிட்டார்கள். அவள் உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள்.

முதுகு தடித்துப்போய் ஞானவடிவு எதிரே வந்து நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்லாதட்டி. அது எனக்கு வரல்ல" என்றாள் அன்னமுத்து.

"அதைக் கேக்க வரல்ல சித்தி. நான்தான்னு ஒங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்தேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்போ போ."

அன்னமுத்து உட்காரவில்லை. இலையைத் தாண்டி நடந்து, திறந்த படல் வழியே போய்விட்டாள்.

மறுவருஷம் கிடாய் வாங்க மூப்பர் ஆள் அனுப்பவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து ஒத்தப்பனைவிளை அசனத்தில் கறி கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் கத்தரிக்காய் அசனம் என்று கேலி செய்வார்கள். முதல் இலையைப் போட்டுச் சோறு வைத்துக் குழம்பும் ஊற்றி, யாரையும் உட்காரவிடாமல் வைத்திருப்பார்கள். அந்த இலையைப் போடுகிறது பன்னிரண்டு வயசுப் பெண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அன்னமுத்து இலை என்று அதற்குப் பேர்.

அன்னமுத்து ஒரு வருஷமும் வந்து அதில் உட்காரவில்லை. கடற்கரைப் பக்கம் போய், கருவாட்டுக் கூடை சுமந்து பிழைத்து, அங்கேயே செத்துப்போனாளாம்.