அலைத்தடுப்புச் சுவரிலிருந்து அழைத்து வந்த பெண் குறித்து

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியானவை. எனக்கு வயது முப்பத்தாறு. முகத்துவாரத்தின் இரு கரைக்கும் ஓடும் பயணிகள் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை செய்கிறேன். துறையில் எல்லோரும் என்னை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவர் மீன்பிடிப் படகில் இன்ஜின் டிரைவர். சம்பவத்தின்போது அவர் கடலில் இருந்தார். அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

புகாரில் கூறப்பட்டுள்ள வயதான பெண்மணி என் தாயார். அவருக்கு வயது அறுபத்திரண்டு, தையல் வேலை. ஒருவருடைய மனைவியை என் தாயார் கையைப் பிடித்து இழுத்துச் சென்று என் வீட்டில் அடைத்து வைத்தார் என்றும், தேடி வந்த கணவரைக் கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டினார் என்றும் புகார். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

என் தாயார் கடலே இல்லாத ஊரில் இருப்பவர். நான் திருமணமாகி இங்கே வந்ததில் அவருக்கு அவ்வளவாக இஷ்டம் இல்லை. பல தடவை கூப்பிட்ட பிறகு இந்த முறைதான் முதன்முதலாக வந்தார். வந்த மறுநாள், சனிக்கிழமை, நான் லீவு போட்டு அவருக்கு ஊர் சுற்றிக் காட்டினேன். முதலில் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். அங்கே காவலாளியின் முழங்கால் வலியைப் பற்றி அவரிடம் விசாரித்துக்கொண்டு என் தாயார் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மேலே ஏறிக் கையாட்டினேன். அவர் பார்க்கவில்லை. அதன் பிறகு மீன் ஏலக் கூடத்துக்குப் போனோம். அங்கே ஏலம் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டியிருப்பதைக் கண்டு, ஏலத்தின் நடுவிலேயே அவரை வெந்நீர் குடிக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்ததும், "கடலப் பாரும்மா" என்றேன். "பாத்தேன்டி. பெருசாத்தான் இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்ச தூரம் அவருக்கு முன்னால் நடந்தேன்.

அதற்குப் பிறகு அலைத்தடுப்புச் சுவருக்குப் போனோம். சுவர் முடிகிற இடத்தில், கடைசிப் பாறையில், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவருடைய செருப்பு பின்னால் ஒரு கல்லில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் கைப்பை இருந்தது, பையின் மேல் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி இருந்தது. காற்று வாங்க வந்தவர் என்று நினைத்தேன். என் தாயார் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "காத்து வாங்க வந்தவ கண்ணாடிய ஏன்டி கழட்டி வைக்கணும்?" என்றார். நான் அவசரமாக ஓர் அடி முன்னால் வைத்தேன். "ரெண்டு பேரும் போய் நின்னா பயந்துடுவா. நீ போய் டீ வாங்கிட்டு வா. ஓடாத, கத்தாத, சாதாரணமா போ" என்றார். சுவர் தொடங்கும் இடத்தில் டீக்கடை இருக்கிறது. நான் போய் மூன்று டீ வாங்கி வந்தேன். வரும்போது கையில் பாதி சிந்திவிட்டது.

நான் திரும்பியபோது இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். என் தாயார் ஒரு கையால் அந்தப் பெண்ணின் சட்டைத் தோளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, "யாரு தச்சுக் குடுத்தது இத? அக்குள்ல இப்படி இழுத்துப் பிடிக்குதே, கைய எப்படித் தூக்குவே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தாயார் தையலைப் பற்றியும், காலர் வைக்கத் தெரியாமல் முதன்முதலில் ஒரு துணியைப் பாழாக்கியதைப் பற்றியும், என் தகப்பனார் வாழ்நாள் முழுவதும் பட்டனைத் தப்பாகவே போட்டுக்கொண்டதைப் பற்றியும் நிறுத்தாமல் பேசினார். அந்தக் கதைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், இந்த முறை அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று இருந்தது. பேசிக்கொண்டே ஒரு டீயை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். வாங்குவதற்கு அவர் கையைத் தூக்கியபோது சட்டைக் கை மேலே ஏறியது. கையின் உள்பக்கத்தில் விரல் தடங்கள் இருந்தன. சில பழையவை, சில புதியவை.

என் தாயார் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுக்கு வா கண்ணு, இந்தக் கையப் பிரிச்சு சரியாத் தச்சுத் தரேன்" என்றார். அந்தப் பெண் முதல் தடவையாக வாய் திறந்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். "இதோ நிக்கிறாளே, இவளோட அம்மா. ஊர் பாக்க வந்திருக்கேன்" என்றார்.

என் வீடு அக்கரையில் என்பதால் நாங்கள் மூவரும் நடந்து துறைக்கு வந்தோம். வழி முழுவதும் என் தாயார் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை விடவில்லை. கையைப் பிடித்திருந்தார் என்று புகாரில் உள்ளது உண்மை, நான் மறுக்கவில்லை. இழுத்தார் என்பது உண்மையல்ல. படகில் ஏறுமுன், படகோட்டி கேட்கும்படி, "உங்க இஷ்டத்துலதானே வர்றீங்க?" என்று நான் கேட்டேன். "ஆமா" என்றார். படகோட்டியை விசாரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அவருக்கு என் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். இருட்டும் நேரத்தில் எழுந்து, வெளியூரில் இருக்கும் தன் அக்காவிடம் என் போனில் பேசினார். அக்கா மறுநாள் மதியம் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். அன்றே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காதது ஏன் என்று அதிகாரி கேட்டார். தெரிவிக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். அதற்கு அந்தப் பெண், "போன தடவை ஸ்டேஷன்லேர்ந்துதான் அவர் என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போனார்" என்றார். அதன் பிறகு நான் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய கணவர் இன்னும் இரண்டு பேருடன் வந்து கதவைத் தட்டினார். டீக்கடையில் விசாரித்து வந்ததாகச் சொன்னார். என் தாயார் அப்போது அந்தச் சட்டையின் கைக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தார், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே போய்க் கதவைத் திறந்துவிட்டார். கத்தரிக்கோல் கையில் இருந்தது உண்மை, அது கீழ்நோக்கித்தான் இருந்தது. கணவர் சத்தம் போட்டார். என் தாயார், "மெதுவாப் பேசுங்க தம்பி. அவ தூங்குறா" என்றார். "அவ என் பொண்டாட்டி. நீ யாரு அவளுக்கு?" என்று அவர் கேட்டார். "தையக்காரி" என்றார் என் தாயார். கணவர் உள்ளே வரப் பார்த்தார். நான்தான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாள் போட்டது என் தாயார் இல்லை.

அதன் பிறகு கணவர் புகார் கொடுக்க, நிலையத்திலிருந்து வந்தார்கள். பெண் அதிகாரி அந்தப் பெண்ணைத் தனி அறையில் வைத்து விசாரித்தார். வெளியே வரும்போது அதிகாரி நேராகப் போய்த் தண்ணீர் குடித்தார். மதியம் அக்கா வந்தார். எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்த பிறகு, அந்தப் பெண் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காவுடன் போனார். இன்று காலை போன் செய்து என் தாயாருடன் வெகுநேரம் பேசினார். பேசியதில் முக்கால்வாசி என் தாயார்தான்.

கணவர் தன் புகாரைத் திரும்பப் பெறவில்லை. ஆகவே என் தாயார் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார்.

மேற்கண்டதை எழுதிய ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும், "நீங்க டீ வாங்கப் போயிட்டீங்க, உங்க அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக்கலாம். உங்க வேலைக்கு இடைஞ்சல் வராது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இந்தத் தாளின் தலைப்பில் என் பெயருக்குக் கீழே "தாயார் அழைத்து வந்தார்" என்று இருந்ததை அடித்து, "தாயாரும் நானும் அழைத்து வந்தோம்" என்று எழுதச் சொன்னேன். அவர் அப்படியே எழுதினார். அடித்த இடத்தின் அருகில் முதல் கையெழுத்தையும், நான் சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்கு இங்கே இரண்டாவது கையெழுத்தையும் போடுகிறேன்.

(கையெழுத்து)