செம்புக் குடத்துத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பத்தில் இரண்டு பெண்கள் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலிருந்தது. இளையவள் திடீரென்று, "பூஜைக் குடந்தான்க்கா எல்லாத்தையும் சாவடிச்சுடுச்சு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாடி சொல்ற?"

"தம்பி பிரான்சுக்குப் போனப்ப கடல் பவளம் வளக்குற கண்ணாடித் தொட்டிய என்கிட்ட உட்டுட்டுப் போனான் இல்ல? தண்ணி கொறைஞ்சா பில்டர் தண்ணி ஊத்து, சத்து மருந்து தெனம் நாலு சொட்டு உடுன்னான். நான் தண்ணிய பூஜை செம்புக் குடத்துல புடிச்சு வச்சு ஊத்தினேன். நல்லதாச்சேன்னு."

"நல்லதுதானே?"

"நமக்குத்தான். பவளத்துக்கு செம்பு வெஷமாம். கலர் மீன் கடைக்காரர் இப்பதான் சொன்னாரு. அதுங்க வெளுக்க வெளுக்க, சத்து பத்தலன்னு மருந்த வேற கூட்டி ஊத்தினேன்."

"கடல் பக்கத்துலயே இருக்கு, வீட்டுல ஒரு கடலு வேற உங்களுக்கு! கல்லுதானேடி, வேற வாங்கி வச்சுடு."

"கல்லு இல்லக்கா, உயிரு. நகத்தளவுலேருந்து வளத்தான். தெனம் வீடியோவுல காட்டச் சொல்றான். லைட்டு ரிப்பேருன்னு சொல்லிட்டிருக்கேன். நாளைக்கு வர்றான்."

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தாயே, அந்தப் பெண் மேல் அவள் தம்பி கோபப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் மடியில் செம்புச் சொம்பு நிறைய அம்மன் தீர்த்தம் இருந்தது. அவள் திரும்பினால் கண்ணில் படாதபடி முந்தானையால் மூடிக்கொண்டேன்.